பதினெட்டு மில்லி, பதினெட்டரை மில்லி

ஆய்வகத்தின் வடக்குச் சுவரை ஒட்டி ஒரு மர அலமாரி இருந்தது. அதன் கதவில் வெள்ளைப் பெயிண்டால் ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல் எழுதியிருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதை எழுத்துக் கூட்டிப் படிக்கவே எனக்கு மூன்று நாள் ஆனது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். டைட்ரேஷன் என்று முழுசாக வாயில் வந்த பிறகும் அது ஒரு ஆள் பெயரா, ஊர் பெயரா, மருந்தின் பெயரா என்று தெரியாது. அலமாரிக்குள் நீளக் கண்ணாடிக் குழாய்களும், நடுவில் வயிறு புடைத்த மெல்லிய குழாய்களும், கழுத்து நீண்ட குடுவைகளும், அடி அகன்று வாய் குறுகிய கூம்புக் குடுவைகளும் இருந்தன. எல்லாம் கண்ணாடி. எதை எடுத்தாலும் உடைத்துவிடுவேன் என்ற பயத்திலேயே முதல் மாதம் போனது.

பயம் எனக்குப் புதிதில்லை. அடி அண்ணாமலையில் என் வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் நிறுத்தம் வரை வந்து, பூட்டினேனா என்று திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். அடுப்பை அணைத்தேனா, மோட்டாரை நிறுத்தினேனா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தடவை. வீட்டுக்காரர் கிண்டல் செய்து அலுத்துப் போய்விட்டார். இப்படிப்பட்டவளை ஊருக்கு வெளியே இருந்த ஒரு தனியார் கல்லூரியில் வேதியியல் ஆய்வகத்துக்கு உதவியாளாகப் போட்டார்கள். கழுவுவது, துடைப்பது, கரைசல் நிரப்புவது, உடைந்ததை நோட்டில் எழுதுவது என் வேலை. அங்கே இருந்த வேதியியல் சாரைப் பற்றித்தான் எழுத வந்தேன். என்னை விட ஏழெட்டு வயது சின்னவர். என்னை அக்கா என்று கூப்பிடுவார். பர்மாங்கனேட் என்ற ஊதாக் கரைசல் பட்டுப் பட்டு அவருடைய கட்டைவிரல் நகம் எப்போதும் பழுப்பாக இருக்கும். முகூர்த்தத்துக்குப் போனால் எல்லோரும் மருதாணியா என்று கேட்கிறார்கள் என்று சொல்லிக்கொள்வார். சிரிக்காமல் சொல்வார், நாம்தான் சிரிக்க வேண்டும்.

கதவில் இருந்த சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று ஒரு மழை நாளில் அவரிடம் கேட்டேன். ஆசையில் கேட்கவில்லை. ஆய்வுக்கு யாராவது பெரிய ஆட்கள் வந்து, இந்த அலமாரியில் என்னம்மா இருக்கிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாமல் நிற்பேனே என்ற கவலை. சார் கையில் இருந்த நோட்டைக் கீழே வைத்தார்.

“இங்க மூணு வருஷம் படிக்கிற பசங்க ஒருத்தன் கேட்டதில்லக்கா இதை. நீங்க கேக்கறீங்க.”

“யாராச்சும் கேட்டா சொல்லணுமே சார், அதுக்குத்தான்.”

“எதுக்கோ ஒண்ணுக்கு. கேட்டீங்கல்ல.”

அவர் சொன்னதை என் ஞாபகத்தில் இருக்கிற வரை சொல்கிறேன். லத்தீன் என்று ஒரு பழைய பாஷை. அதில் டிட்டுலுஸ் என்றால் மேலே எழுதி மாட்டுகிற பலகை. கடைக்குப் பெயர்ப் பலகை மாதிரி, புட்டிக்கு லேபிள் மாதிரி. புத்தகத்துக்கு டைட்டில் என்கிறோமே, அதுவும் அங்கிருந்து வந்ததுதான். அந்தச் சொல் பிரெஞ்சுக்குப் போய் உருவம் மாறியது. அங்கே தங்கத்திலும் வெள்ளியிலும் எவ்வளவு சுத்தம் இருக்கிறது என்பதைச் சொல்ல அதை வைத்துக்கொண்டார்கள். “நம்ம நகைக்கடையில கல்லுல உரசிப் பாத்து மாற்று சொல்றாங்க இல்ல, பத்தரை மாத்துன்னு? அதேதான்” என்றார். பிறகு நாணயம் அடிக்கிற இடத்தில் வெள்ளியை ஆசிட்டில் கரைத்து, உப்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக அளந்து விட்டு, உள்ளே நிஜமாக எத்தனை பங்கு வெள்ளி என்று கண்டுபிடிக்கும் வழி வந்தது. அப்படி அளந்து விட்டுப் பார்க்கிற வேலைக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. நாம் செய்வது அந்த வேலைதான். வெள்ளிக்குப் பதில் இரும்பு, உப்புத் தண்ணீருக்குப் பதில் ஊதாத் தண்ணீர். தமிழ்ப் புத்தகத்தில் இதைத் தரம் பார்த்தல் என்று போட்டிருக்கிறார்கள். யார் போட்டாரோ, சரியாகப் பிடித்துவிட்டார் என்று சார் சந்தோஷப்பட்டார்.

“வார்த்தை எங்க கெளம்பி எங்க போயிருக்குது பாத்தீங்களா. மொதல்ல வெளிய எழுதினதுக்குப் பேரு. இப்ப உள்ள என்ன இருக்குன்னு பாக்கறதுக்குப் பேரு.”

நான் தலையாட்டினேன். பெரிய ஆட்கள் வந்து கேட்டால் இவ்வளவையும் ஒப்பிக்க வேண்டியிருக்குமோ என்று உள்ளே வேறு கவலை வந்துவிட்டது. புரெட் என்றால் என்ன சார் என்று அடுத்ததையும் கேட்டு வைத்தேன். சின்ன கூஜா என்றார். சர்ச்சில் திராட்சை ரசம் ஊற்றி வைக்கிற குட்டி கூஜாவாம். ஆளுயரத்துக்குப் பாதி இருக்கிற அந்தக் கண்ணாடிக் குழாயை அன்றிலிருந்து கழுவும்போதெல்லாம் கூஜா, கூஜா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டுதான் கழுவுவேன். பயம் கொஞ்சம் கம்மியாக இருந்தது.

இனி, பரீட்சை எப்படி நடக்கும் என்று சொன்னால்தான் மற்றது புரியும். ஒவ்வொரு பிள்ளைக்கும் கழுத்து நீண்ட குடுவை ஒன்று கொடுப்போம். அதற்குள் இரும்புக் கரைசல் கொஞ்சம் இருக்கும். ஒருவருக்குப் பதினேழு மில்லி, ஒருவருக்குப் பதினெட்டு, ஒருவருக்கு இருபது. யாருக்கு எவ்வளவு என்பது சார் எழுதித் தரும் பட்டியலில் மட்டும் இருக்கும். பிள்ளைகள் அதில் கழுத்துக் கோடு வரை தண்ணீர் விட்டுக் கலக்கி, அதிலிருந்து பிப்பெட் என்கிற வயிறு புடைத்த குழாயால் அளந்து கூம்புக் குடுவையில் எடுத்து, மேலே மாட்டிய புரெட்டிலிருந்து ஊதாக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். விழுந்த ஊதா காணாமல் போய்க்கொண்டே இருக்கும். ஒரு சொட்டில் ரோஜா நிறம் வந்து, போகாமல் நின்றுவிடும். அங்கே நிறுத்தி, எத்தனை மில்லி இறங்கியது என்று பார்த்துக் கணக்குப் போட்டால் நாம் கொடுத்த இரும்பின் அளவு வர வேண்டும். எவ்வளவு தள்ளிப் போகிறதோ அவ்வளவு மார்க் போய்விடும்.

பட்டியலைப் பார்த்து ஊற்றுவது நான். அதனால் பரீட்சைக்கு முன்னால் ஒரு வாரம் எனக்கு ராஜமரியாதை. டீ வாங்கி வரட்டுமா அக்கா, புடவை புதுசா அக்கா, எனக்கு மட்டும் எவ்ளோன்னு சொல்லிடுங்கக்கா. நான் யாருக்கும் சொன்னதில்லை. நல்லவள் என்பதால் இல்லை. சொல்லி, அது சாருக்குத் தெரிந்து, வேலை போய், மறுபடி யார் வேலை கொடுப்பார்கள் என்று முழுவதும் யோசித்துப் பார்த்து அரண்டு போவேன்.

அந்த வருடம் பரீட்சை பௌர்ணமியன்று விழுந்தது. எங்கள் ஊரில் பௌர்ணமி என்றால் கிரிவலக் கூட்டம், எல்லோருக்கும் தெரியும். மத்தியானத்துக்கு மேல் மலை சுற்றும் பாதையில் வண்டி விட மாட்டார்கள். பஸ் எல்லாம் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிடும். விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்த வெளித் தேர்வாளர் வந்ததிலிருந்தே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். பௌர்ணமியன்னைக்குப் பரீட்சை வெச்ச மகராசன் யாருப்பா, அவனை ஒரு சுத்து சுத்த விடணும் என்று எல்லோரையும் சிரிக்க வைத்தார். நல்ல மனுஷர்தான். நாலு மணி பஸ்ஸைப் பிடித்துவிட வேண்டும் என்பது மட்டும் அவருக்குக் குறி.

நான் விடியற்காலையிலேயே வந்துவிட்டேன். இருபத்து நாலு குடுவை. அன்றைக்கு இரண்டு காரியம் செய்தேன், இரண்டும் ஜாக்கிரதைக்காகச் செய்தது. முதலாவது: போர் தண்ணீரில் கழுவிக் கவிழ்த்த குடுவைகளில் வெள்ளை வெள்ளையாக உப்புத் திட்டு நின்றிருந்தது. காய்ச்சி வடித்த தண்ணீர் கேனில் பாதிதான் இருந்தது. பரீட்சைக்குப் போதாமல் போய்விட்டால் என்ன செய்வது? புரெட்டை எதை ஊற்றப் போகிறோமோ அதே கரைசலால் ஒரு தடவை அலச வேண்டும் என்று சார் சொல்லியிருக்கிறார். குடுவையை வெறும் தண்ணீரால் மட்டும் என்பதையும் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த வேளையில், புரெட்டுக்கு நல்லது குடுவைக்குக் கெட்டதாகவா போகும், தண்ணீரை விட இதுதானே இன்னும் சுத்தம் என்று தோன்றிவிட்டது. இருபத்து நாலையும் இரும்புக் கரைசலால் அலசி, கவிழ்த்து, உடனே நிமிர்த்தி வைத்தேன். இரண்டாவது: ஊற்றும்போது நடுவில் யாராவது கூப்பிட்டால், இதில் ஊற்றினேனா இல்லையா என்ற சந்தேகம் எனக்கு நிச்சயம் வரும். அதற்காக, பதிவு எண் எழுதிய காகிதத் துண்டின் பின்பக்கத்தில், பசை தடவும் பக்கத்தில், பென்சிலால் மில்லியைப் பொடியாக எழுதிக்கொண்டேன். ஊற்றியதும் ஒட்டிவிடுவேன். ஒட்டியிருந்தால் ஊற்றியாயிற்று, எண் உள்ளே மறைந்துவிடும். காகிதத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள்?

அன்றைக்குத்தான் நான் நிம்மதியாக இருந்தேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். பரீட்சை நடக்கும்போது சுவர் ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்து, எல்லாம் சரியாகச் செய்துவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்று மணிக்குப் பிள்ளைகள் தாளைக் கொடுத்துவிட்டு வெளியே போனார்கள். ஒருத்தி மட்டும் போகாமல் தொட்டிப் பக்கம் வந்து என்னோடு நின்றாள். கீழ்பென்னாத்தூர் பக்கத்துப் பெண். இதே செய்முறைப் பரீட்சையில் இரண்டு தடவை போய்விட்டது, இது மூன்றாவது. செய்யாறு பக்கம் ஒரு கம்பெனி ஆய்வகத்தில் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். இந்த ஒரு பேப்பர் முடிந்து சான்றிதழ் காட்டினால்தான் எடுப்பார்கள். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வரும்போது அவளே சொல்லியிருக்கிறாள். அவளும் டீ வாங்கிக் கொடுத்தவர்களில் ஒருத்திதான்.

“அக்கா, ஒண்ணு கேக்கட்டா. திட்ட மாட்டீங்களே.”

“எவ்ளோ குடுத்தேன்னு கேக்காத. சொல்ல மாட்டேன்.”

“அது தெரியும்க்கா. லேபிள் பின்னாடி பதினெட்டுன்னு எழுதியிருந்தது.”

என் கையில் இருந்த பிரஷ் தொட்டிக்குள் விழுந்தது.

“கோடு வரைக்கும் தண்ணி ஊத்தினதும் எதிர்ப் பக்கத்திலேர்ந்து பெருசா தெரிஞ்சுதுக்கா, பூதக்கண்ணாடியில பாக்கற மாதிரி. பக்கத்து மேசைப் பசங்க பாத்துட்டுச் சிரிச்சிக்கிட்டே எழுதிட்டாங்க. எனக்கு மூணு தடவ விட்டும் பதினெட்டரை தான் வருது. நாலாவது தடவயும் விட்டேன். அப்பவும் அதேதான். எனக்கு வந்ததையே எழுதிட்டேன். நான் எங்கக்கா தப்பு பண்ணேன்?”

அவள் அழவில்லை. கணக்கு நோட்டில் எந்த வரி தப்பு என்று கேட்கிறவள் மாதிரிதான் கேட்டாள். நான் அவள் குடுவையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். அடியில் கொஞ்சம் கரைசல் மிச்சம் இருந்தது. அந்தக் கொஞ்சத்தின் வழியாகவே என் பென்சில் எழுத்து கொழுத்துத் தெரிந்தது. போம்மா, வெளிய இரு என்று மட்டும் சொன்னேன். பரீட்சையின் எண்ணை நானே ஒட்டிக் கொடுத்திருக்கிறேன் என்பது புரிந்தது. அந்த அரை மில்லி எங்கிருந்து வந்தது என்பது இன்னும் புரியவில்லை.

உள்ளே மேசையில் சாரும் வெளித் தேர்வாளரும் தாள்களைப் பட்டியலோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் டீ கொண்டு போய் வைக்கும்போது சார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“இது வேடிக்கையா இருக்குது சார். ஏழு பேருக்குக் கடுகளவு கூட மாறாம வந்திருக்கு. மீதி பதினேழு பேருக்கும் ஜாஸ்தி. ஒருத்தருக்குக் கூட கம்மி இல்ல. எல்லாருக்கும் அரை மில்லி பக்கமா ஜாஸ்தி.”

“ஏழு பேரு ஒழுங்கா செஞ்சிருக்கான், மீதிப் பேரு நிறம் வந்ததும் நிறுத்தாம ஒரு சொட்டு ரெண்டு சொட்டு கூட விட்டிருக்கான். இதுல என்ன வேடிக்கை? பட்டியல்படி மார்க்கைப் போடுங்க, நான் கெளம்பறேன்” என்றார் அவர்.

எல்லோருக்கும் அரை மில்லி என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எனக்கு விளங்கிவிட்டது. காலையில் அலசிக் கவிழ்த்து, வடியக்கூட விடாமல் நிமிர்த்திய குடுவைகள். ஒவ்வொன்றின் சுவரிலும் ஒட்டி நின்ற கரைசல். அதன் மேல் பட்டியல்படி ஊற்றியிருக்கிறேன். பதினேழு பேரும் இருப்பதைச் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள். பட்டியல்தான் பொய்.

சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. மிச்சக் கரைசலைத் தொட்டியில் கொட்டுவது என் வேலை. கொட்டி, லேபிளை ஊற வைத்து உரித்துவிட்டால் தீர்ந்தது. அதை யோசிக்காமல் இல்லை. முதல் மூன்று குடுவைகளைத் தொட்டி வரை எடுத்தும் போனேன். அப்போது எனக்கு வந்தது, கொட்டினேனா, எல்லாவற்றையும் கொட்டினேனா, லேபிளை உரித்தேனா, தொட்டியில் ஒன்று ஒட்டிக்கொண்டு நின்றதா என்று இனிமேல் ஆயுசு முழுக்கத் திரும்பத் திரும்ப வந்து பார்க்க வேண்டியிருக்குமே என்கிற பயம். பூட்டைப் பார்க்க பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பலாம். இதற்கு எங்கே திரும்புவது? என்னைத் தைரியசாலி என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள். அப்படி ஒன்றும் இல்லை. இரண்டு பயத்தில் எது பெரிசோ அது ஜெயித்தது, அவ்வளவுதான்.

மூன்று குடுவைகளையும் திரும்பக் கொண்டு வந்து மேசைமேல் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அலசியதைச் சொன்னேன், பென்சிலைச் சொன்னேன். சார் ஒரு குடுவையைத் தூக்கி ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார். வெளித் தேர்வாளர்தான் கத்தினார்.

“ஏம்மா, உன்னை யாரு அவ்ளோ சுத்தம் பாக்கச் சொன்னது? ஊர்ல இருக்கிற அழுக்கெல்லாம் விட்டுட்டு இங்க வந்துதான் பாக்கணுமா?”

பிறகு சாரிடம் திரும்பி, இதோ பாருங்க, அட்டெண்டர் சொல்றதை எல்லாம் எழுதி வெச்சா யுனிவர்சிடி நம்ம ரெண்டு பேரையும் கேள்வி கேக்கும், பட்டியல்தான் கையெழுத்துப் போட்ட தாள், அதுதான் கணக்கு என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சார் இன்னொரு குடுவையையும் எடுத்து, அடியில் எவ்வளவு மிச்சம் என்று ஆட்டிப் பார்த்தார்.

“சார், நாணயத்து மேல என்ன அடிச்சிருக்குன்னு பாத்து மார்க் போடறதுக்கு இந்தப் பரீட்சை வேணாம். உள்ள என்ன இருக்குன்னு பாக்கறதுக்குத்தான் டைட்ரேஷன்னு பேரே. பட்டியல் வெளிய எழுதினது. உள்ள இருக்கிறது இன்னும் இங்கதான் இருக்கு. பாத்துட்டாப் போச்சு.”

“எதை?”

“இருபத்து நாலையும். ஒவ்வொண்ணுலயும் ஒரு தடவைக்குக் கரைசல் மிச்சம் இருக்கும்.”

“பௌர்ணமிங்க!”

“ரெண்டு புரெட் மாட்டினா சீக்கிரம் ஆயிடும் சார். நீங்க ஒண்ணு, நான் ஒண்ணு.”

வெளித் தேர்வாளர் வாட்ச்சைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு, எங்கம்மா பிப்பெட்டு, அதையாவது சரியா அலசினியா என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

நான் கழுவிக் கழுவிக் கொடுத்தேன். வெறும் தண்ணீரால். அவர்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு புரெட் முன்னால் நின்று சொட்டுச் சொட்டாக விட்டார்கள். ஒரு குடுவைக்குப் பதினஞ்சு நிமிஷத்துக்குக் குறையாது. நாலு மணி பஸ் போனது. அஞ்சு மணி போனது. மலை சுற்றும் பாதைப் பக்கமிருந்து கூட்டத்தின் சத்தம் இங்கே வரை கேட்க ஆரம்பித்தது. சாரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் வந்தவாசிப் பக்கம் நயினார் வீட்டுப் பிள்ளை, தமிழ்ச் சமணர். பொழுது சாய்ந்துவிட்டால் மறுநாள் சூரியன் வரும் வரை சாப்பிட மாட்டார். அவர்கள் வீட்டு வழக்கம். அதனால் தினமும் அஞ்சரைக்கெல்லாம் டப்பாவைத் திறந்து, மேசை ஓரத்தில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டு முடித்துவிடுவார். அன்றைக்கு டப்பா ஜன்னல் திட்டில் அப்படியே இருந்தது. அஞ்சரைக்கு நான் அதைக் கையில் எடுத்து அவர் பக்கமாகக் கொண்டு போனேன். பதினாலாவது ஓடுதுக்கா, கைய விட்டா நிறம் தாண்டிடும் என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போனேன். பத்தொன்பது. அப்புறம் நான் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன், சூரியனை யாராவது பிடித்து வைக்க மாட்டார்களா என்று. இருபத்து மூன்றாவது குடுவைக்கு விளக்குப் போட வேண்டியிருந்தது.

அந்தப் பெண்ணின் குடுவை பதினெட்டரை காட்டியது. வெளித் தேர்வாளரின் கையில்தான் அது வந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டாம் தடவை கோட்டைப் பார்த்தார். “பொண்ணு நல்லாத்தான் பாத்திருக்குது” என்றார், யாரிடமும் இல்லாமல். பதினேழு பேருக்கும் அப்படியே. அச்சடித்த மாதிரி எழுதியிருந்த ஏழு பேரின் குடுவைகளிலும் அரை மில்லி கூடத்தான் இருந்தது. அவர்களை என்ன செய்வது என்று சின்னப் பேச்சு நடந்தது. எண்ணை நாமே ஒட்டிக் கொடுத்திருக்கிறோம், திருடினான் என்று எப்படி எழுதுவது என்று சார் சொன்னார். குடுவையில் இருந்ததற்கும் அவர்கள் எழுதியதற்கும் உள்ள வித்தியாசத்துக்கு எவ்வளவு மார்க் போகுமோ அதை மட்டும் குறைத்தார்கள்.

வெளித் தேர்வாளரை யாரோ பைக்கில் ஏற்றி பைபாஸ் வரை கொண்டு போனார்கள். சார் டப்பாவைத் திறக்காமலேயே பையில் வைத்துக்கொண்டார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். ஒரு வேளை சாப்பிடலன்னா ஒண்ணும் ஆயிடாது, எங்க ஆத்தா மாசத்துல பாதி நாள் பட்டினி விரதம்தான் என்றார். அன்றைக்கு எங்கள் ஊருக்கு ஷேர் ஆட்டோ கிடையாது. மலை சுற்ற வந்த கூட்டத்தோடு கூட்டமாக நானும் நடந்தேன். எல்லோரும் அண்ணாமலையானைக் கூப்பிட்டுக்கொண்டு நடந்தார்கள். நான் நாளைக்கு என்ன ஆகும் என்று எண்ணிக்கொண்டு நடந்தேன். பூட்டைப் பற்றிய ஞாபகமே வரவில்லை.

பிற்பாடு என்ன ஆயிற்று என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண் பாஸானாள், செய்யாறு பக்கம் வேலைக்குப் போனாள். எனக்கு மெமோ வந்தது. ஒரு வருடம் லைப்ரரியில் போட்டார்கள். தூசி தட்டும் வேலை. பிறகு ஆய்வகத்துக்கே திரும்ப அனுப்பினார்கள். சார் வேறு கல்லூரிக்கு மாறிப் போய் வெகு காலம் ஆகிறது. இப்போது இருக்கிற மேடம் பட்டியலை போனில் அனுப்புகிறார், ஊற்றும்போது பக்கத்திலேயே நிற்கிறார். மர அலமாரி போய் இரும்பு அலமாரி வந்துவிட்டது. அதன் கதவில் எதுவும் எழுதவில்லை. ஊற்றினேனா என்ற சந்தேகம் இன்றைக்கும் வருகிறது. வந்தால் மேடத்திடம் சொல்கிறேன்.

ஆனால் சாரை நினைத்தால் எனக்குப் பரீட்சை நாள் முதலில் ஞாபகம் வருவதில்லை. மறுநாள் காலைதான் வருகிறது. யுனிவர்சிடிக்கு அனுப்ப அறிக்கை எழுதியாக வேண்டும். நான் போனபோது சார் ஏற்கெனவே ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதி முடித்திருந்தார். பிரின்சிபால் அதைப் படித்துவிட்டு, உங்க பேரை ஏன் இழுக்கறீங்க, அந்தம்மா தப்புன்னு ரெண்டு வரி போதாதா என்று கேட்டதாக ஆபீஸில் பேசிக்கொண்டார்கள். சார் தாளை என் பக்கம் தள்ளி, கீழே கையெழுத்துப் போடச் சொன்னார். பேனாவை எடுத்தேன். அதுவரை ஆங்கிலத்தில் எந்தத் தாள் வந்தாலும், கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுவேன்.

“என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்றீங்களா சார்” என்றேன்.

அவர் தாளைத் திருப்பி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். குடுவைகளைக் கரைசலால் அலசியது நான். லேபிளுக்குப் பின்னால் அளவை எழுதியது நான். ஊற்றி முடித்ததை ஒரு தடவை சரிபார்த்திருக்க வேண்டியவர், பார்க்காமல் விட்டவர், இந்த அறிக்கையை எழுதுகிறவர். அதைச் சொல்லும்போது அவர் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பிறகு, இந்தத் தவறுகள் வெளியே தெரிய வந்தது இன்னாரே முன்வந்து சொன்னதால் என்று ஒரு வரி. அங்கே மறுபடி என் பெயர். அந்தப் பெயரை விரலால் தொட்டுக் காட்டச் சொன்னேன். காட்டினார். மேலே தப்புக்குப் பக்கத்தில் இருந்த பெயரையும் காட்டச் சொன்னேன். அதையும் காட்டினார். இரண்டும் ஒரே அளவு எழுத்தில் இருந்தன.

“மேல இருக்கிறத எடுத்துட முடியாதா சார்?”

“முடியும். எடுத்தா கீழ இருக்கிறதையும் எடுக்கணும்க்கா.”

பிறகு தமிழில் என் பெயரை எழுதினேன். கடைசி எழுத்து கோட்டுக்குக் கீழே சரிந்துவிட்டது. சார் அதைப் பார்த்தார். தேதியும் போடுங்க என்றார்.